இரவல் நகையும் தயிர்சாதமும்

தயிர்சாதம் என்றால் எனக்கு இன்றைக்கும் ஒரு பயம் உண்டு. விரலால் நாலு பக்கமும் துழாவிப் பார்த்து, உள்ளே கெட்டியாக எதுவும் தட்டுப்படவில்லை என்று தெரிந்த பிறகுதான் முதல் வாய் வைப்பேன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். (பார்த்துவிட்டுப் போகட்டும். அவர்களில் யார் தயிர்சாதத்திலிருந்து ரெட்டை வடச் சங்கிலி எடுத்திருக்கிறார்கள்?) இந்தப் பழக்கத்துக்குக் காரணமான கதையை எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்லியாகிவிட்டது. என் கணவர் அதை, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, தானே நேரில் பார்த்த மாதிரி விருந்தாளிகளுக்குச் சொல்வார். போன மானம் போனதுதான். என் வாயாலேயே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. எனக்குப் பதினெட்டு வயது. மேற்குத் தாம்பரத்தில், ரயில் சத்தம் வீட்டுக்குள் கேட்கிற தூரத்தில், ஒரே காம்பவுண்டுக்குள் ஐந்து குடித்தனம், நடுவில் ஒரு கிணறு. அதில் கடைசிக் குடித்தனம் நாங்கள்: அப்பா, அம்மா, ஹெப்சிபா என்கிற ஹெப்சியாகிய நான். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை பகல் கனவு. கிணற்றில் வாளியை விட்டால் தண்ணீருக்குள் தெரியும் வானத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவேன். "தண்ணி மொள்ளப் போனாளா, ஞானஸ்நானம் எடுக்கப் போனாளா?" என்று உள்ளேயிருந்து அம்மா சத்தம் போடுவார்.

இப்படிப்பட்டவளை எந்தக் கல்லூரி சேர்த்துக்கொள்ளும் என்று கேட்கலாம். பல்லாவரத்தில் மலையடிவாரத்தில் ஒரு பெண்கள் கல்லூரி சேர்த்துக்கொண்டது. (பெயர் வேண்டாம், பாவம்.) தாவரவியல். முதன்முதலாக மைக்ராஸ்கோப்பில் வெங்காயத் தோலைப் பார்த்த நாளை என்னால் மறக்க முடியாது. அறை அறையாக, ஒரு பெரிய ஊரே அதற்குள் உறங்கிக்கொண்டிருந்தது. மணி அடித்ததும் தெரியாது, மற்ற பெண்கள் கிளம்பிப் போனதும் தெரியாது. விளக்குமாற்றோடு வந்த ஆயாதான் என்னைத் தட்டி எழுப்பினாள். அன்று வீட்டுக்கு வந்து, சாம்பாரில் கிடந்த வெங்காயத்தைக் கடிக்க மனசு வராமல் ஓரமாக ஒதுக்கி வைத்தேன். இந்தப் படிப்பைத் தவிர எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்தாயிற்று.

முதல் வருஷம் எப்படியோ ஓடியது. எப்படியோ என்றால், லேப் கோட்டு மூன்று பேருக்கு ஒன்று. மூன்று பேரில் நான் குச்சி, ஒருத்தி என்னைப் போல இரண்டு பங்கு, ஆகவே அந்தக் கோட்டில் பொத்தானும் உண்டு, ஊக்கும் உண்டு. படம் வரையும் பச்சைப் பென்சிலை பிளேடால் நறுக்கி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வோம். காண்டீன் வடை வாசனை தாங்காது என்பதற்காக வகுப்புக்குச் சுற்றுவழியில் போவோம். இத்தனை சாமர்த்தியத்தையும் பார்த்துவிட்டுத்தானோ என்னவோ, அந்தக் கோடை விடுமுறையில் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கட்டணத்தை ஏற்றிவிட்டார்களாம். லேப் பீஸ், லைப்ரரி பீஸ், விளையாட்டு பீஸ் எல்லாமே. (நான் அங்கே விளையாடியதே கிடையாது. யாராவது பந்தை எறிந்தால் அது வரும் அழகைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், அது மூக்கில் வந்து படும்.)

அப்பா குரோம்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் கிளார்க். அங்கே ஆறு வாரமாக வேலைநிறுத்தம். அப்பா கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"பீஸ் சலுகைக்கு எழுதிப் போடு. கெடைச்சா படி. கெடைக்கலன்னா, எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் மருந்துக் கம்பெனியில இருக்கார். பாட்டிலுக்கு லேபிள் ஒட்டற வேலை. உக்காந்தே பார்க்கலாமாம்."

அந்த 'உக்காந்தே' என்ற வார்த்தையை அப்பா எவ்வளவு ஆசையாகச் சொன்னார்! அன்றிலிருந்து கண்ணை மூடினால் பழுப்பு நிறப் பாட்டில்கள் வரிசை வரிசையாக வந்து என் முன்னால் நிற்கும்.

மனுப் போட்டேன். கமிட்டி முன்னால் நேரில் வரச் சொல்லித் தேதி வந்தது. அதோடு விஷயம் என் கையை விட்டுப் போய்விட்டது. காம்பவுண்டு எடுத்துக்கொண்டது.

எங்கள் காம்பவுண்டில் ஒரு வழக்கம். எந்த வீட்டிலிருந்து யார் முக்கியமான காரியத்துக்குக் கிளம்பினாலும், பெண் பார்க்க வருகிறார்கள், வேலைக்குப் போகிறான், பெரிய டாக்டரிடம் காட்டப் போகிறார்கள், எதுவானாலும் சரி, மற்ற நாலு வீட்டிலிருந்தும் ஆளுக்கு ஒன்று கொடுத்து அனுப்புவார்கள். கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. சொன்னால் ஒரு வருஷம் பேச மாட்டார்கள். அம்மா மூல நோய்க்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது கூட, முதல் வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மாவின் பட்டுச் சால்வையோடுதான் போய்வந்தார்.

எங்கள் சபையில் பெண்கள் நகை போடுவதில்லை. அது கொள்கை. (போடலாம் என்றாலும் எங்களிடம் கிடையாது. அது நிலைமை. கொள்கையும் நிலைமையும் இப்படி ஒத்துப்போவது ஒரு குடும்பத்துக்குப் பெரிய வசதி.) ஆனால் கமிட்டி நாளன்று காலை வீட்டுக்கார அம்மா தன் ரெட்டை வடச் சங்கிலியோடு வந்து நின்றதும் அம்மாவின் கொள்கை கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

"அம்மா, நம்ம சபையில..." என்று ஆரம்பித்தேன்.

"இது நகை இல்லடி, மரியாதை. நாலு பெரிய மனுஷங்க முன்னாடி கையேந்தப் போறவ மாதிரியா போய் நிப்ப? அவங்க என்ன நெனைப்பாங்க நம்ம வீட்டைப் பத்தி?"

எதிர்வீட்டு நர்ஸ் அக்கா, தன் முதல் சம்பளத்தில் வாங்கிய ஜிமிக்கி இரண்டையும், குழந்தையில் குத்தியதோடு வெறுமையாகக் கிடந்த என் காதில் தானே மாட்டிவிட்டாள். அடுத்த வீட்டு மைமூன் அக்கா தன் கையிலிருந்த நாலு வளையலையும் சோப்பு போட்டுக் கழற்றி என் கையில் ஏற்றினாள். அவள் வீட்டுக்காரர் தாம்பரம் மார்க்கெட்டில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடைசியாக முந்தானையிலிருந்து ஒரு லேடீஸ் வாட்சை எடுத்தாள்.

"இது யாருதுக்கா?"

"யாரோ ரயில்வே கார்டு சம்சாரத்துதாம். மூணு வாரமா எங்க வூட்டுக்காரரும் நோண்டிகினுதான் கீறாரு, ஓட மாட்டேன்னுது."

"ஓடாத வாட்ச் எதுக்குக்கா?"

"ஓடாட்டி இன்னாடி? கையில கட்டினா அழகாத்தானே கீது?"

"யாராச்சும் மணி கேட்டா?"

மைமூன் அக்கா முள்ளைப் பார்த்தாள். "நாலு பத்துன்னு சொல்லு."

ஆக மொத்தம் எட்டு உருப்படி. சங்கிலி ஒன்று, ஜிமிக்கி இரண்டு, வளையல் நாலு, ஓடாத வாட்ச் ஒன்று. அதற்கு மேல் அம்மாவின் கல்யாணப் பட்டுப்புடவை, தலையில் நாலாவது வீட்டிலிருந்து வந்த ஒரு முழம் கனகாம்பரம். கையில் மனுவின் நகலும் டிபன் பாக்ஸும். நான் காம்பவுண்டு வாசலைத் தாண்டும்போது நாலு வீட்டுப் பெண்களும் வரிசையாக நின்று பார்த்தார்கள். மாப்பிள்ளை மட்டும்தான் பாக்கி.

அந்தக் காலத்து மின்சார ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தால் நான் இந்த உலகத்தில் இல்லை. அன்று கிடைத்தது. சானடோரியம் தாண்டியதும் வெயில் சாய்வாக உள்ளே வந்து வளையல் மேல் விழுந்தது. கையை லேசாக அசைத்தால் ரயில் பெட்டியின் கூரையில் நாலு மஞ்சள் வட்டங்கள் நீந்தின. நான் யாரோ ஒரு ஜமீன் வீட்டுப் பெண். சொந்தத்தில் ஒரு மைக்ராஸ்கோப் வைத்திருக்கிறேன். ஊரில் உள்ள எல்லா இலைகளும் என் வீட்டு வாசலில் வந்து காத்திருக்கின்றன. நான் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, பேர் கேட்டு, உட்காரச் சொல்கிறேன். வயல் போகிறது, ஏரி போகிறது, ஏரியில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடி என்னைப் போலவே எதையோ மறந்துவிட்டிருக்கிறது.

"ஏம்மா, மணி இன்னா ஆச்சி?" எதிரே கீரைக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டாள்.

"நாலு பத்து" என்றேன் கனவிலிருந்தே.

"காலங்காத்தால கிண்டலா? கையில வாட்சு, கழுத்துல தங்கம், வாயில மட்டும் பொய்யி!"

பதறி வெளியே பார்த்தேன். விமானம் ஒன்று தாழப் பறந்து இறங்கிக்கொண்டிருந்தது. மீனம்பாக்கம்! பல்லாவரம் எப்போதோ போய்விட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்வண்டி பிடித்து, பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி, வியர்வையோடு கல்லூரி வராந்தாவுக்குள் நுழைந்தேன். அங்கே ஒரு நீள பெஞ்சு. அதில் இருபது பெண்கள்.

இருபது பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாயம் போன தாவணி, தையல் விட்ட ரவிக்கை, வெறும் கழுத்து. ஒருத்தி தலையில் எண்ணெய் கூட வைக்காமல் வந்திருந்தாள். இருபது பேரும் ஏழையாக வந்திருக்கிறார்கள். நான் ஒருத்திதான் கல்யாணத்துக்கு வந்திருக்கிறேன்.

பெஞ்சின் கடைசியில் என் வகுப்பு வசந்தா உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பாவுக்கு ஊரப்பாக்கத்தில் அரிசி மில்லும், காரும் உண்டு. அவள் உடம்பில் இருந்த புடவையைப் பார்த்தால் அழுகை வரும்.

"சமையக்காரம்மாவோடது" என்று காதில் சொன்னாள். "சும்மா கெடைக்கறதை எதுக்கு விடணும், போய் நில்லுன்னு அப்பா அனுப்பிட்டார். அது இருக்கட்டும், நீ என்னடி இது? பீஸ் கட்டக் காசில்லன்னு சொல்லப் போறியா, இல்ல காலேஜையே வாங்கப் போறியா?"

"காம்பவுண்டுல கொடுத்தாங்கடி..."

"கழட்டு! எல்லாத்தையும் கழட்டு!"

யோசித்துப் பார்த்தால் அந்த பெஞ்சில் நாங்கள் இரண்டு பேரும் இரவல்தான். என் பணக்காரத்தனம் இரவல், அவள் தரித்திரம் இரவல். அப்போது இதெல்லாம் யோசிக்க எங்கே நேரம்? குளியலறைக்கு ஓடினேன். குழாயடியில் சோப்பைப் போட்டு வளையலை இழுத்து, சங்கிலியைக் கழற்றி, பூவை எறிந்து, சரிகை தெரியாமல் முந்தானையை உள்பக்கமாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். சரி, கழற்றியதை எங்கே வைப்பது? பர்ஸ் என்று ஒன்று என்னிடம் கிடையாது. முந்தானையில் முடிந்தேன். நடந்தால் மாட்டு மணி மாதிரி சத்தம். வசந்தாவிடம் கொடுக்கலாம் என்றால், அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஐயோ, என்கிட்ட தங்கம் இருக்கறதைப் பார்த்தா நான் காலி" என்றாள். உள்ளேயிருந்து, "ஹெப்சிபா!" என்று கூப்பிட்டாகிவிட்டது.

டிபன் பாக்ஸைத் திறந்தேன். தயிர்சாதம் குளுகுளுவென்று நிறைய இருந்தது. எல்லாவற்றையும் உள்ளே அழுத்தினேன், மேலே வாட்சை வைத்து, சாதத்தால் மூடி, பெஞ்சின் மேல் ஒரு குத்துக் குத்தி மூடியை இறுக்கினேன். என் வாழ்க்கையிலேயே மிகச் சாமர்த்தியமான காரியம் செய்துவிட்டதாக எனக்கு ஒரு நிம்மதி.

உள்ளே மூன்று பேர். நடுவில் கமிட்டித் தலைவி சற்குணம் மிஸ், தடித்த கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பெரிய கண்கள். ஒரு பக்கம் கெமிஸ்ட்ரி மிஸ், இன்னொரு பக்கம் ஆபீஸ் சூப்பரின்டெண்ட். கரண்ட் இல்லை, மின்விசிறி நின்றிருந்தது. ஜன்னலுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரம், ஒரு இலை கூட அசையவில்லை.

"அப்பா என்ன பண்றார்?"

"தோல் கம்பெனியில கிளார்க், மிஸ். ஆறு வாரமா ஸ்டிரைக்."

"சலுகை கெடைக்கலன்னா?"

"பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுவேன், மிஸ். உக்காந்தே பார்க்கலாமாம்."

சற்குணம் மிஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை ஏனோ என் இடது கன்னத்துப் பக்கம் போய்ப் போய் வந்தது. கன்னத்தில் சோப்பு ஒட்டியிருக்கிறதோ என்று துடைத்துக்கொண்டேன். அவர் பார்வை மாறவில்லை.

"இங்க பாரும்மா, வருமானச் சான்றிதழ்ல தாசில்தார் கையெழுத்தை எல்லாரும் எப்படியோ வாங்கிட்டு வந்துடறீங்க. அதனால எனக்கு ஒரு வழக்கம். டிபன் பாக்ஸைத் தெறந்து காட்டு. சாப்பாடு பொய் சொல்லாது."

பாக்ஸை மார்போடு அணைத்துக்கொண்டேன். "வேணாம் மிஸ். வெறும் தயிர்சாதம்தான்."

"அதைத்தான் பார்க்கணும்ங்கறேன்."

அந்தச் சமயத்தில், அந்த நிசப்தத்தில், மூன்று வாரமாக ஓடாத வாட்ச் ஓட ஆரம்பித்திருந்ததை நான் கேட்டேன். டிக், டிக், டிக். பெஞ்சில் குத்தியதில் அதற்கு உயிர் வந்திருக்க வேண்டும்.

"என்ன சத்தம்?" என்றார் சூப்பரின்டெண்ட்.

"தயிர்சாதம், சார்."

"தயிர்சாதம் டிக் டிக்குனு சத்தம் போடுமா?"

கெமிஸ்ட்ரி மிஸ் மட்டும் மிகுந்த ஆர்வத்தோடு குனிந்து காதைக் கொடுத்தார். "புளிச்சா நுரைக்கும். டிக் டிக்குன்னு நான் கேட்டதில்லையே!"

மூடியைத் திறந்தேன். மேலே வாட்ச். நாலு பன்னிரண்டு காட்டியது. சற்குணம் மிஸ் ஸ்பூனால் ஒரு ஓரத்தைக் கிளறினார். ஒரு வளையல் வந்தது. இன்னொரு கிளறல், இன்னொரு வளையல். பிறகு சங்கிலி, கடுகும் கறிவேப்பிலையும் ஒட்டிக்கொண்டு, நீளமாக வந்துகொண்டே இருந்தது. நான் வெங்காயத்தைப் போல என்னை உரித்துக்கொண்டு எங்காவது மறைந்துவிடலாமா என்று பார்த்தேன். வழியில்லை.

"எண்ணிப் பார்த்துக்கோம்மா" என்றார் சற்குணம் மிஸ், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

எண்ணினேன். ஏழு. மறுபடி எண்ணினேன். ஏழு. ஒரு ஜிமிக்கியைக் காணோம்.

அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு வெட்கம்தான். இப்போது வந்தது பயம். நர்ஸ் அக்காவின் முதல் சம்பளம்! படிப்பு போகட்டும், பாட்டில் வரட்டும், அந்த அக்கா முகத்தில் எப்படி முழிப்பேன்? "ஐயோ, நர்ஸ் அக்காவோட ஜிமிக்கி!" என்று ஓவென்று அழுதேன். பேராசிரியைகள் பதறிவிட்டார்கள். சூப்பரின்டெண்ட் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடி ஸ்கேலை எடுத்தார். கெமிஸ்ட்ரி மிஸ் பேப்பர் வெட்டும் கத்தியால் சாதத்தைக் கோடு போட்டுப் பிரித்தார். மூவரும் தலையோடு தலை முட்ட, ஒரு பருக்கை விடாமல் தேடினார்கள். அவ்வளவு சிரத்தையான ஆராய்ச்சியை அந்தக் கல்லூரியில் அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சற்குணம் மிஸ் திடீரென்று ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு."

திரும்பினேன். என் இடது காதில் ஜிமிக்கி ஆடிக்கொண்டிருந்தது. அவசரத்தில் ஒன்றைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மறந்திருக்கிறேன்.

"வந்ததுலேர்ந்து பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றார். "ஒத்தைக் காதுல போடறது இப்போ பேஷன் போலன்னு நெனைச்சேன்."

சூப்பரின்டெண்ட் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். அவர் முதுகு குலுங்கியது. சற்குணம் மிஸ் சிரிக்கவில்லை.

"இதெல்லாம் யாருது?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன். இது வீட்டுக்கார அம்மாவுது. இது நர்ஸ் அக்காவுது. இது நாலும் மைமூன் அக்காவுது. வாட்ச் மட்டும் யாருன்னே தெரியாத கார்டு சம்சாரத்துது. புடவை அம்மாவுது. என்னுது இந்த டிபன் பாக்ஸ்தான் மிஸ். இல்ல, அதுவும் அப்பாவுது.

"எதுக்குப் போட்ட?"

"மரியாதையா வரணும்னு அம்மா..."

"எதுக்குக் கழட்டின?"

"ஏழையாத் தெரியணும்னு..."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி இல்லாமல் அந்தக் கண்கள் சின்னதாக, சாதாரணமாக இருந்தன.

"இத்தனையும் கொடுத்தாங்களே, யாராவது உன்கிட்ட எழுதி வாங்கினாங்களா?"

"இல்ல மிஸ்."

"நாம மட்டும் எதுக்கு சார் இந்தப் பொண்ணுகிட்ட இவ்வளவு காகிதம் கேக்கறோம்?" என்று சூப்பரின்டெண்டைக் கேட்டுக்கொண்டே என் மனுவில் கையெழுத்துப் போட்டார். முழுச் சலுகை. மீதி இரண்டு வருஷத்துக்கும்.

நான் மறுபடி அழுதேன். இந்தத் தடவை யாரும் பதறவில்லை. அந்த அறையின் குழாயிலேயே எல்லா நகையையும் கழுவி, அத்தனையையும் திரும்பப் போட்டுக்கொண்டுதான் வெளியே போக வேண்டும் என்று சற்குணம் மிஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் வசந்தா ஓடிவந்தாள். "என்னடி கேட்டாங்க?"

"டிபன் பாக்ஸ்!" என்றேன். "தெறந்து பார்க்கறாங்க!"

அவள் முகம் வெளுத்துவிட்டது. அவள் புடவைதான் இரவல், சாப்பாடு சொந்தம். நாலடுக்குக் கேரியர். பூரி, கட்லெட், பாதாம் அல்வா. என் டிபன் பாக்ஸைப் பிடுங்கிக்கொண்டு, தன் கேரியரை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் தூங்குமூஞ்சி மரத்தடியில் எட்டு உருப்படியோடும் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக பாதாம் அல்வா சாப்பிட்டேன். மேலே ரோஜா நிறத்தில் பூக்கள், கீழே நிழல், நாக்கில் நெய். லேபிள் இல்லாத பாட்டில்கள் ஒவ்வொன்றாக எங்கோ மிதந்து போய்க்கொண்டிருந்தன. உலகத்தில் எல்லாருக்கும் பீஸ் சலுகை கிடைத்துவிட்டது போல இருந்தது.

வசந்தாவுக்குக் கிடைக்கவில்லை. "இந்த டிபன் பாக்ஸ் பத்து நிமிஷம் முன்னாடிதானேம்மா வந்துட்டுப் போச்சு" என்றாராம் சற்குணம் மிஸ். அவள் அப்பா முழுக் கட்டணத்தையும் கட்டினார். அவளுக்கு அதில் வருத்தமில்லை. அல்வாவில் ஒரு துண்டு கூட மிச்சம் வைக்காததற்குத்தான் இன்றைக்கும் என்னோடு சண்டை போடுகிறாள்.

சாயங்காலம் காம்பவுண்டே கிணற்றடியில் காத்திருந்தது. நகைகளைத் திருப்பிக் கொடுத்தேன்.

"என் வளையல பாத்தாங்களாடி?" என்று மைமூன் அக்கா கேட்டாள்.

"பார்த்தாங்கக்கா. ஒண்ணொண்ணா கையில எடுத்துப் பார்த்தாங்க."

"நான் சொல்லல?" என்று அம்மா எல்லாரையும் பெருமையாகப் பார்த்தார். "மரியாதையா போனா மரியாதையா கொடுப்பாங்க."

ரகசியம் இரண்டு நாள் கூடத் தாங்கவில்லை. வாட்ச் பட்டையின் மடிப்பில் மைமூன் அக்காவின் வீட்டுக்காரர் ஒரு கடுகைக் கண்டுபிடித்துவிட்டார். "ஓடுற வாட்சு சரி, இதுல கடுகு எப்டி வந்துச்சி?" என்று அவர் வந்து நின்றபோது நான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. கார்டு சம்சாரம், வாட்ச் நன்றாக ஓடுகிறது, மழைக்காலத்தில் மட்டும் லேசாகப் புளிச்ச வாடை வருகிறது என்று சொல்லிவிட்டாளாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கடிகாரம் நின்றாலும், ரேடியோ மக்கர் பண்ணினாலும், யாராவது ஒருவர், "தயிர்சாதத்துல போடு" என்பார்.

நான் படித்தேன். பிறகு படிப்பித்தேன். பல வருஷம் கழித்து இதே மாதிரி ஒரு கமிட்டியில் நானும் உட்கார்ந்தேன். கை நிறைய வளையலோடு எந்தப் பெண்ணாவது உள்ளே வந்தால், "உனக்கு எத்தனை வீட்டுக்காரங்க கொடுத்தாங்க?" என்றுதான் கேட்பேன். டிபன் பாக்ஸை மட்டும் திறக்கச் சொன்னதில்லை.

கடைசியாக ஒன்று. மாடம்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகு, என் மகள் ஒரு உதவித்தொகைக்காக நேர்காணலுக்குக் கிளம்பினாள். நாங்கள் பீஸ் என்று அழுத தொகையெல்லாம் அவள் கல்லூரியில் பஸ் கட்டணத்துக்குக் காணாது. காலை ஏழு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் மைமூன் அக்கா. தலை நரைத்து, மூச்சு வாங்க, தாம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள். கைக்குட்டையை அவிழ்த்தாள். உள்ளே அதே நாலு வளையல், தேய்ந்து மெலிந்து.

"பொண்ணு எங்கியோ முக்கியமா போவுதாமே. உங்கம்மா சொன்னாங்க. எனக்குச் சொல்லணும்னு உனக்குத் தோணல பாரு!"

என் மகள் வந்து கையை நீட்டினாள். மைமூன் அக்கா ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டாள். வாசல் வரை போன மகள் திரும்பி நின்று என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அம்மா, இன்னிக்கு மட்டும் எனக்குப் புளிசாதம் கட்டு."